தவணை முடிந்த பின் தளை இல்லை

 



வெள்ளிக்கிழமையின் சிறப்பைப் பேசும்போதெல்லாம் ஜும்ஆ அத்தியாயத்தின் ஒன்பதாம் வசனத்தை நாம் ஓதுகிறோம். பாங்கு ஒலித்ததும் வியாபாரத்தை விட்டுவிட்டு இறைநினைவின்பால் விரைந்து வரப் பணிக்கும் வசனம் அது. அதற்கு அடுத்த வசனத்தை நாம் அவ்வளவாக எடுத்துப் பேசுவதில்லை. தொழுகை நிறைவேறிய பின் பூமியில் பரவிச் சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடிக்கொள்ளுமாறு அந்தப் பத்தாம் வசனம் கூறுகிறது. கடையை மூடச் சொன்ன அதே இறைவன்தான் கடையைத் திறக்கவும் சொல்கிறான். பரவிச் செல்லுங்கள் என்ற அந்தக் கட்டளையில் மாவட்ட எல்லையோ ஆண்டுக் கணக்கோ இல்லை.

ஆனால் இன்று நம் பிள்ளைகள் கையெழுத்திடும் பணி நியமன ஆணைகள் பலவற்றில் அந்த எல்லை வரையப்படுகிறது. வேலையை விட்டு நின்ற பிறகும் இரண்டு ஆண்டுகளுக்கு இதே தொழிலில் வேறு எந்த நிறுவனத்திலும் சேரக்கூடாது, இந்த மாவட்டத்தில் இதே தொழிலைத் தொடங்கக்கூடாது, மீறினால் இத்தனை லட்சம் ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று பத்தாம் பக்கத்திலோ பன்னிரண்டாம் பக்கத்திலோ பொடி எழுத்தில் ஒரு நிபந்தனை இருக்கும். ஆங்கிலத்தில் இதனை ‘நான் கம்பீட்’ என்கிறார்கள். நாம் போட்டித் தடை நிபந்தனை என்று வைத்துக்கொள்வோம். மென்பொருள் நிறுவனங்களில் உள்ள இந்தப் பழக்கம் இப்போது தோல் தொழிற்சாலை, மருந்து விற்பனை, தனியார் பயிற்சி நிலையம், கண்ணாடிக் கடை, அழகு நிலையம் வரை வந்துவிட்டது.

வாணியம்பாடிப் பகுதியில் காலணித் தொழிற்சாலை ஒன்றில் பேட்டர்ன் வெட்டும் பிரிவில் ஒன்பது ஆண்டுகள் பணியாற்றிய ஒரு சகோதரர், முறைப்படி விலகி, கூடுதல் சம்பளத்திற்கு ஆம்பூரில் வேறொரு தொழிற்சாலையில் சேர்ந்தார். மூன்றாம் வாரம் வழக்கறிஞர் நோட்டீஸ் வந்தது. ஒப்பந்தத்தை மீறிவிட்டீர், ஐந்து லட்சம் ரூபாய் தரவேண்டும், உடனே புதிய வேலையிலிருந்து விலக வேண்டும் என்று அதில் இருந்தது. அவர் பயந்துபோய்ப் புதிய வேலையையும் விட்டுவிட்டார். நான்கு மாதங்கள் வாடகை ஆட்டோ ஓட்டினார். அவரைத் தடுத்தது பயம் மட்டுமன்று. அவருடைய தாயார் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: நீ கையெழுத்துப் போட்டது உண்மைதானே மகனே, வாக்கை முறித்துச் சம்பாதிக்கிற சோறு நமக்கு ஹலாலாகுமா?

அந்தத் தாயின் கேள்வி மதிக்கத்தக்க கேள்வி. சட்டம் என்ன சொல்கிறது என்பதற்கு முன் அதற்குப் பதில் தேட வேண்டும். ஏனென்றால், நீதிமன்றத்தில் வென்றுவிட்டு மனசாட்சியில் தோற்பவனுக்கு அந்த வெற்றியால் நிம்மதி வராது.

மாயிதா அத்தியாயம் முதல் வசனத்திலேயே ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு நம்பிக்கையாளர்களை அழைத்துக் கட்டளையிடுகிறது. வாக்குறுதி குறித்து மறுமையில் விசாரணை உண்டு என்று பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 34ஆம் வசனம் எச்சரிக்கிறது. இதில் எவருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் காகிதத்தில் எழுதப்பட்ட ஒவ்வொரு வரியும் நிறைவேற்றப்பட வேண்டிய ஒப்பந்தம் ஆகிவிடுமா? இந்த இடத்தில்தான் பரீரா (ரலி) அவர்களின் நிகழ்ச்சியை நாம் நினைவுகூர வேண்டும்.

பரீரா (ரலி) அடிமைப் பெண்ணாக இருந்தவர். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அவரை வாங்கி விடுதலை செய்ய விரும்பினார்கள். அவருடைய எஜமானர்களோ, விற்கிறோம், ஆனால் விடுதலைக்குப் பின் வரும் ‘வலா’ என்னும் வாரிசுரிமை எங்களுக்கே வேண்டும் என்று நிபந்தனை விதித்தார்கள். அதாவது பணத்தையும் வாங்கிக்கொள்வார்கள், அந்தப் பெண்மீது ஒரு பிடியையும் விடமாட்டார்கள். செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியது. வாங்கி விடுதலை செய்யுமாறு ஆயிஷா (ரலி) அவர்களிடம் கூறிவிட்டு, மக்கள் முன் எழுந்து நின்று, அல்லாஹ்வின் வேதத்தில் இல்லாத நிபந்தனை நூறு முறை விதிக்கப்பட்டாலும் செல்லாது என்ற கருத்தில் உரையாற்றினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள செய்தி இது.

இதில் ஊன்றிக் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. நிபந்தனை வீழ்ந்தது, ஆனால் விற்பனை வீழவில்லை, விடுதலையும் வீழவில்லை. கெட்டுப்போன ஒரு கிளையை வெட்டியதற்காக மரத்தையே சாய்த்துவிடவில்லை. திர்மிதீயில் இடம்பெறும் இன்னொரு நபிமொழி, முஸ்லிம்கள் தங்கள் நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்று கூறிவிட்டு, ஹலாலை ஹராமாக்கும் நிபந்தனைக்கும் ஹராமை ஹலாலாக்கும் நிபந்தனைக்கும் விலக்கு அளிக்கிறது.

சரி, ஒரு தொழிலாளி மற்ற இடத்தில் வேலை செய்வதில்லை என்று ஒப்புக்கொள்வதே கூடாதா? அப்படியும் இல்லை. ‘அஜீர் காஸ்’, அதாவது ஒருவருக்கென்றே தன் நேரத்தை ஒப்படைத்த பணியாளர், அந்தக் காலத்தில் அவருக்கு மட்டுமே உழைக்க வேண்டும் என்று ஃபிக்ஹ் நூல்கள் கூறுகின்றன. சம்பளம் வாங்கிக்கொண்டே மாலை நேரத்தில் எதிர்க்கடைக்கு மாதிரி வெட்டிக் கொடுப்பது துரோகம்தான். கேள்வி, தவணை முடிந்த பிறகு என்ன என்பதே.

அதற்கு மத்யன் நகரத்துக் கிணற்றடியிலிருந்து ஒரு பதில் கிடைக்கிறது. எகிப்திலிருந்து தப்பி வந்த மூஸா (அலை) அவர்களை ஒரு முதியவர் வேலைக்கு அமர்த்துகிறார். அவர் நபி ஷுஐப் (அலை) என்று விரிவுரையாளர்களில் பலர் கூறுவர். குர்ஆன் பெயரைச் சொல்லவில்லை. எட்டு ஆண்டுகள் வேலை, பத்தாக நிறைவு செய்தால் அது உம் விருப்பம், உமக்குச் சிரமம் தர நான் நாடவில்லை என்கிறார் முதியவர். கஸஸ் அத்தியாயத்தின் 27ஆம் வசனத்தில் வரும் இந்த வேலை ஒப்பந்தத்தில் முதலாளியே, சிரமம் தரமாட்டேன் என்று தாமாகச் சொல்வதைக் கவனியுங்கள். அடுத்த வசனத்தில் மூஸா (அலை) அவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் ஒரு வரம்பையும் சேர்த்துக்கொள்கிறார்கள். இவ்விரு தவணைகளில் எதை நான் நிறைவேற்றினாலும் அதற்குப் பின் என் மீது எந்த அத்துமீறலும் கூடாது என்று சொல்லி, அதற்கு அல்லாஹ்வைச் சாட்சியாக்குகிறார்கள். இரண்டில் நீண்ட தவணையையே அவர்கள் நிறைவு செய்தார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) கூறியதாகப் புகாரியில் காணலாம். தவணை முடிந்தது, குடும்பத்துடன் புறப்பட்டார்கள்.

ஆகவே அந்தத் தாய்க்கு நான் கூறிய பதில் இதுதான். உங்கள் மகன் வேலையில் இருந்த காலத்துக்குரிய வாக்கை நிறைவேற்றியிருக்கிறாரா என்று பாருங்கள். நிறைவேற்றியிருந்தால், சம்பளம் நின்ற பிறகும் அவருடைய கையைக் கட்டிப்போடும் அந்த ஒரு வரிக்காக அவர் தம் பிள்ளைகளைப் பட்டினி போட வேண்டியதில்லை. இதை எல்லார்க்கும் பொதுவான ஃபத்வாவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் காகிதத்தில் என்ன இருக்கிறதென்று ஓர் ஆலிமிடமும் ஒரு வழக்கறிஞரிடமும் காட்டிக் கேளுங்கள்.

இனி நாட்டுச் சட்டத்திற்கு வருவோம்.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 27. சட்டப்படியான தொழிலையோ வியாபாரத்தையோ ஒருவர் செய்யவிடாமல் தடுக்கும் உடன்படிக்கை அந்த அளவுக்குச் செல்லாது என்பது அதன் கருத்து. ‘அந்த அளவுக்கு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். மற்ற ஷரத்துகள் நிற்கும், தடை மட்டும் வீழும். பரீரா (ரலி) நிகழ்ச்சியை இப்போதுதான் பார்த்தோம்.

இங்கிலாந்தில் நியாயமான அளவுக்குட்பட்ட தடையை நீதிமன்றங்கள் ஏற்பதுண்டு. இந்தியச் சட்டம் அந்த வாசலைத் திறந்து வைக்கவில்லை. 1874இல் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் மாதவ சந்திரர் என்பவருக்கும் ராஜ்குமார் தாஸ் என்பவருக்கும் இடையே நடந்த வழக்கு இதற்கு முன்னோடி. இருவரும் ஒரே பகுதியில் கடை வைத்திருந்த போட்டியாளர்கள். நீ இந்தப் பகுதியில் கடையை மூடிவிடு, உன் தொழிலாளர்களுக்கு நீ கொடுத்திருக்கும் முன்பணத்தை நான் தந்துவிடுகிறேன் என்றார் ஒருவர். மற்றவர் மூடினார். பணம் வரவில்லை, வழக்குத் தொடுத்தார். தலைமை நீதிபதி சர் ரிச்சர்டு கவுச், ஒரு பகுதிக்குள் மட்டும் தடுத்தாலும் தடை தடைதான், உடன்படிக்கை செல்லாது என்று தீர்ப்பளித்தார். கடையை மூடியவருக்குப் பணம் கிடைக்கவில்லை என்பது வருத்தம். ஆனாலும் 150 ஆண்டுகளாக அந்த நெறிதான் நிற்கிறது.

இரண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது. 1967இல் வந்த கோலிக்காரி வழக்கில், டயர் நூல் தயாரிக்கும் ஆலையில் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் இடையிலேயே விலகிப் போட்டி ஆலையில் சேர்ந்தார். ஒப்பந்தத்தின் மீதிக் காலம் வரை அவரைத் தடுத்தது சரியே என்றது நீதிமன்றம். இது தவணைக்குள் இருக்கும் தடை. 1980இல் வந்த கிருஷன் முர்காய் வழக்கில், பணிநீக்கம் செய்யப்பட்ட ஒருவர் தில்லியில் அதே தொழிலைத் தொடங்கினார். இரண்டு ஆண்டுத் தடையைக் காட்டி நிறுவனம் தடையாணை கேட்டது. கிடைக்கவில்லை. மூன்று நீதிபதிகளில் இருவர், தடை தாமாக விலகியவருக்குத்தானே தவிர நீக்கப்பட்டவருக்கு இல்லை என்று ஒப்பந்தச் சொல்லைப் பொருள்கொண்டு முடித்துவிட்டார்கள். நீதிபதி ஏ.பி. சென் அதையும் தாண்டிச் சென்று, பணி முடிந்த பின்னான தடை பிரிவு 27இன்படி செல்லவே செல்லாது என்று எழுதினார். கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் வழக்கில் 2006இல் வந்த தீர்ப்பும் இதே வழியில் சென்றது. அவருடைய மூன்றாண்டு விளம்பர ஒப்பந்தம் முடிந்த பிறகும் அடுத்த வாய்ப்பைத் தமக்கே முதலில் தரவேண்டும் என்று பழைய நிறுவனம் கேட்டது. காலம் முடிந்த பின் அந்தப் பிடி செல்லாது என்றது உச்ச நீதிமன்றம்.

பின் ஏன் இந்த நிபந்தனையை எழுதிக்கொண்டே இருக்கிறார்கள் என்று கேட்பீர்கள். நீதிமன்றம் செய்யாததைப் பயம் செய்துவிடுகிறது. வழக்குப் போட வேண்டிய அவசியமே இல்லாமல் ஒரு தபால் உறை ஒரு குடும்பத்தை நான்கு மாதம் வீட்டில் முடக்கிவிடுகிறது. செல்லாது என்று தெரிந்துகொண்டே அதைக் காட்டி மிரட்டுபவர், அநீதி இழைக்கப்பட்டவனின் துஆவுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரை இல்லை என்ற நபிமொழியைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

அப்படி ஒரு நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வந்தால் என்ன செய்வது?

முதலில், பதிலளிக்காமல் இருக்காதீர்கள். அலமாரியில் வைத்துப் பூட்டினால் நோட்டீஸ் மறைந்துவிடாது. அது வழக்கறிஞர் கடிதம்தான், நீதிமன்ற ஆணை இல்லை. ஆனாலும் அதில் குறித்த நாள்களுக்குள் ஒரு வழக்கறிஞர் மூலமாக விரைவுத் தபாலில் சுருக்கமான பதில் அனுப்புங்கள். எந்தத் தேதியில் விலகல் கடிதம் கொடுத்தீர்கள், எத்தனை நாள் நோட்டீஸ் காலம் பணியாற்றினீர்கள், எந்தப் பொருள்களை ஒப்படைத்தீர்கள், நிறுவனத்தின் ரகசியம் எதையும் எடுத்துச் செல்லவில்லை, பணிக்குப் பின்னான தடை பிரிவு 27இன்படி செல்லாது என்பவை அதில் இருந்தால் போதும். கோபத்தில் நான்கு பக்கம் எழுதி அனுப்பிவிட்டு, பின்னர் அதே வரிகளுக்காக நீதிமன்றத்தில் பதில் சொல்லும் நிலை வேண்டாம்.

நோட்டீஸில் ஐந்து லட்சம் பத்து லட்சம் என்று எண் எழுதியிருந்தால் மலைக்காதீர்கள். இழப்பீட்டுத் தொகையை முன்கூட்டியே ஒப்பந்தத்தில் எழுதினாலும் அது உச்சவரம்பு மட்டுமே. அதற்குட்பட்டு நியாயமான இழப்பீட்டைத்தான் நீதிமன்றம் வழங்கும் என்கிறது பிரிவு 74. தடையே செல்லாதபோது, அதை மீறியதற்கான தொகை எதன் மீது நிற்கும்?

நிறுவனம் நீதிமன்றம் செல்லக்கூடும் என்று தோன்றினால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 148ஏயின்படி ‘கேவியட்’ மனு ஒன்றைத் தாக்கல் செய்துவிடலாம். உங்களைக் கேட்காமல் இடைக்காலத் தடையாணை பிறப்பிக்கக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லி வைக்கும் மனு அது. 90 நாள்களுக்குச் செல்லும். இந்த ஒரு தாள் பல குடும்பங்களின் தூக்கத்தைக் காப்பாற்றும். உண்மையிலேயே சம்மன் வந்துவிட்டால் எழுத்துப்பூர்வ பதிலுரைக்கு 30 நாள்கள்தான் உண்டு. நீதிமன்றம் நீட்டித்துத் தரலாம், அதை நம்பி இருக்க வேண்டாம். செலவுக்கு வழியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் குறைந்த வருமானமுள்ளோருக்கும் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இலவச உதவி உண்டு. 15100 என்ற தொலைபேசி எண்ணில் அழைத்தாலும் வழி சொல்வார்கள்.

புதிய முதலாளியிடம் மறைக்காதீர்கள். சேரும் முன்பே பழைய ஒப்பந்தத்தின் நகலைக் காட்டிவிடுங்கள். நோட்டீஸ் அவருக்கும் போகும். அன்று அவர் முதன்முறையாகக் கேள்விப்பட்டால், சட்டம் உங்கள் பக்கம் இருந்தும் நம்பிக்கையை இழந்துவிடுவீர்கள்.

பழைய நிறுவனம் கடைசிச் சம்பளத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு, புதிதாக ஓர் உறுதிமொழியில் கையெழுத்திட்டால்தான் தருவோம் என்று சொல்வதுண்டு. கையெழுத்திடாதீர்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியத் தொகுப்புச் சட்டத்தின்படி, நீக்கப்பட்டவருக்கு மட்டுமின்றித் தாமாக விலகியவருக்கும் இரண்டு வேலை நாள்களுக்குள் சேரவேண்டிய ஊதியத்தைக் கொடுத்துவிட வேண்டும். வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தைச் சேர்ந்த முதலாளிக்கு இரண்டு நாள் என்பதே தாராளமான அவகாசம்!

நம் சகோதரருக்கும் ஒரு வழக்கறிஞர் இப்படித்தான் பதில் எழுதித் தந்தார். அது போய்ச் சேர்ந்து மாதங்கள் பல கடந்தும் வழக்கு எதுவும் வரவில்லை. அவர் மறுபடியும் கத்தரியைக் கையில் எடுத்துவிட்டார்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, கையெழுத்துக்கு மதிப்பே இல்லை போலும் என்று எவரும் எழுந்து போய்விடக்கூடாது. செல்லாதது அந்த ஒரு தடைதான். ஒப்புக்கொண்ட நோட்டீஸ் காலத்தை முடிக்காமல் ஒரு வெள்ளிக்கிழமை மாயமாய் மறைந்துவிடுவது வாக்குமீறல்தான். நிறுவனத்தின் பேட்டர்ன்களைக் கைப்பேசியில் படமெடுத்துச் செல்வது, வாடிக்கையாளர் பட்டியலை மின்னஞ்சலில் தனக்கே அனுப்பிக்கொள்வது, விலைப்பட்டியலைப் புதிய இடத்தில் விரித்து வைப்பது, இவையெல்லாம் அமானித மோசடி. நீதிமன்றமும் இவற்றைத் தடுக்கும். கையிலும் மூளையிலும் ஏறிய தேர்ச்சி உங்களுடையது. பென் டிரைவில் ஏறியது உங்களுடையது இல்லை. பழைய முதலாளி அநியாயம் செய்தவராயிற்றே என்ற சாக்கும் இங்கே எடுபடாது. மோசடி செய்தவனுக்கும் மோசடி செய்யாதே என்ற நபிமொழி அபூதாவூதிலும் திர்மிதீயிலும் உள்ளது. கூலிக்கு அமர்த்த மிகச் சிறந்தவர் வலிமையும் நம்பகமும் உள்ளவர் என்று மத்யன் பெண்மணி தம் தந்தையிடம் கூறினாரே, அந்த இரண்டாவது தகுதியை வேலையை விடும் நாளிலும் சுமந்து வரவேண்டும்.

குறைந்தபட்ச காலம் பணியாற்றுவேன், முன்னரே விலகினால் இவ்வளவு தருவேன் என்று எழுதிக் கொடுக்கும் பத்திரம் வேறு வகை. மூன்றாண்டுக்கு முன் விலகினால் இரண்டு லட்சம் என்ற பொதுத்துறை வங்கி ஒன்றின் நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் ஏற்றுக்கொண்டது. அது வேறிடத்தில் வேலை செய்வதைத் தடுக்கவில்லை, பணிக் காலத்தைப் பற்றியது என்பது காரணம். ஆகவே உங்கள் காகிதத்தில் இருப்பது எது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். அதுபோலவே கடையைப் பெயரோடும் நற்பெயரோடும் விற்றவர், குறிப்பிட்ட பகுதியில் அதே தொழிலைச் செய்வதில்லை என்று வாங்கியவருக்கு எழுதித் தந்திருந்தால், எல்லை நியாயமாக இருக்கும்வரை அது கட்டுப்படுத்தும். பிரிவு 27 இதற்கு மட்டும் விலக்கு வைத்திருக்கிறது. நல்ல விலைக்குக் கடையை விற்றுவிட்டு ஆறே மாதத்தில் எதிர்வரிசையில் மகன் பெயரில் பலகை மாட்டும் பெரியவர்களை நாம் பார்க்காமல் இல்லை!

வளைகுடாவில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு சொல். பிரிவு 27 கடல் தாண்டி வராது. சவூதியின் தொழிலாளர் சட்டம் பிரிவு 83, வாடிக்கையாளர்களையோ தொழில் ரகசியங்களையோ அறியும் நிலையில் இருந்த பணியாளருக்கு, பணி முடிந்த பின்னும் அதிகபட்சம் இரண்டு ஆண்டுத் தடையை அனுமதிக்கிறது. அமீரகத்தில் 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டமும் இரண்டு ஆண்டுவரை அனுமதிக்கிறது. ஆனால் இரண்டு நாடுகளிலும் காலம், இடம், வேலையின் வகை மூன்றும் குறிப்பாக எழுதப்பட்டிருக்க வேண்டும். அமீரகத்தில் முதலாளியே சட்டத்தை மீறி ஒப்பந்தத்தை முறித்திருந்தால் தடை போய்விடும். ஊரில் ஒருவருக்குச் செல்லாமற்போனது என்ற செய்தியை வாட்ஸ்அப்பில் கேட்டுவிட்டு, அங்கே துணிந்து காலை வைத்துவிடாதீர்கள்.

நம் இதழைப் படிக்கும் குடும்பங்களில் முதலாளிமார்களும் இருக்கிறீர்கள். உங்கள் கவலையும் புரிகிறது. கையைப் பிடித்துத் தொழில் கற்றுக் கொடுத்தவன் பக்கத்துத் தெருவில் போய் நின்றால் நெஞ்சு வலிக்கத்தான் செய்யும். ஆனால் ஒரு பிரியாணி மாஸ்டரை எண்ணிப் பாருங்கள். தம் வைக்கும் பக்குவம் அவருடைய கையில் இருக்கிறது. அவர் உங்கள் கடைக்கு வரும்போதே அதில் பாதியை வேறொருவரின் அடுப்படியிலிருந்துதான் கொண்டு வந்தார். அன்று அந்தப் பழைய கடைக்காரர் இரண்டு ஆண்டு அடுப்பைத் தொடாதே என்று தடுத்திருந்தால் உங்கள் கடைக்கு மாஸ்டர் ஏது?

மதீனாவுக்கு வெறுங்கையுடன் வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, அன்சாரித் தோழர் ஸஅத் பின் ரபீஉ (ரலி) தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அவர்கள் அதை வாங்கவில்லை. கடைத்தெருவுக்கு வழி காட்டுங்கள் என்றார்கள். அன்றே பாலாடைக்கட்டியும் நெய்யும் ஈட்டித் திரும்பினார்கள். அந்தக் கடைத்தெருவில் ஏற்கெனவே நெய் விற்றவர்களும் இருந்திருப்பார்கள் அல்லவா? மக்களை அவர்கள் போக்கில் விடுங்கள், சிலரைக் கொண்டு சிலருக்கு அல்லாஹ் உணவளிக்கிறான் என்ற கருத்துள்ள நபிமொழி முஸ்லிமில் இருக்கிறது. அது கொடுக்கல் வாங்கலில் இடையே புகுந்து தடுப்பதைக் கண்டித்துச் சொல்லப்பட்டது.

உண்மையான ரகசியம் ஒன்று உங்களிடம் இருந்தால், அது இன்னதென்று பெயர் சொல்லி, அதை மட்டும் காக்கும் உறுதிமொழியை எழுதி வாங்குங்கள். அது செல்லும். பயிற்சிக்கு உண்மையிலேயே செலவு செய்திருந்தால் அந்தச் செலவுக்கேற்ற பத்திரம் எழுதுங்கள். நல்ல தொழிலாளியை நிறுத்திக்கொள்ள வேண்டுமானால் சம்பளத்தைக் கூட்டுங்கள், அல்லது லாபத்தில் ஒரு பங்கு கொடுங்கள். தேதியிடாத காசோலையையும் வெற்றுப் பத்திரத்தையும் அசல் சான்றிதழ்களையும் வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொள்வது வணிகம் இல்லை, பிணை பிடித்தல்.

கடைசியாக, இன்னும் கையெழுத்திடாத பிள்ளைகளுக்கு. குர்ஆனின் மிக நீண்ட வசனம் பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். கடன் பத்திரம் எழுதுவதைப் பற்றியது. அதில் எழுத்தர் நீதியுடன் எழுத வேண்டும் என்பதோடு, வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் யார் என்பதும் வருகிறது. பணம் கொடுப்பவர் இல்லை, கடன் யார் மீது விழுகிறதோ அவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும். அவர் இயலாதவராக இருந்தால் அவருடைய பொறுப்பாளர் சொல்ல வேண்டும். நம் நியமன ஆணைகளிலோ சுமை யார் மீது விழுகிறதோ அவர் சொல்வதுமில்லை, படிப்பதுமில்லை. சேரும் நாளில் மேசையில் வைத்து, அடையாளமிட்ட இடங்களில் கையெழுத்திடு என்கிறார்கள். இவனும் வேலை கிடைத்த மகிழ்ச்சியில் பன்னிரண்டு இடங்களில் போட்டுவிடுகிறான்.

ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். வீட்டுக்குக் கொண்டு வந்து, ஆங்கிலம் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, விலகல் பற்றிய பக்கத்தை மட்டுமாவது உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். தாயும் தந்தையும் உட்கார்ந்து கேளுங்கள். தடை இருந்தால் அதை நீக்கச் சொல்லி மின்னஞ்சலில் கேளுங்கள். மறுத்தாலும், கேட்டதற்கு ஒரு பதிவு உங்களிடம் இருக்கும். கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் நகலை வாங்காமல் அந்த அலுவலகத்தின் படி இறங்காதீர்கள்.